முதல் நெடுவரிசையைக் காணோம்

ஜனவரி 3, செவ்வாய்

இந்த டைரி பதிப்பாளர் அமலதாஸ் கொடுத்தது. போன வருடம் கொடுத்ததில் மனைவி இந்திராணி கோலம் போட்டுப் பழகித் தீர்த்துவிட்டாள். இந்த வருடம் நானே எழுதுவதென்று முடிவு. ஐம்பத்தொன்பது வயதில் ஒருவன் டைரி எழுத உட்கார்ந்தால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே காலம் தள்ளியவன், என் எழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றுதான்.

பெயர் வைரக்கண்ணு. தொழில், மெய்ப்புத் திருத்துவது. உறையூரில் அமலதாஸ் பதிப்பகத்திலிருந்து எந்தப் புத்தகம் அச்சுக்குப் போனாலும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ல, ள, ழ மூன்றும் ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று உட்காராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புத்தகத்தில் பிழை இல்லையென்றால் ஆசிரியரைப் பாராட்டுவார்கள். இருந்தால் என்னைத் தேடுவார்கள். பெயரிலேயே கண்ணை வைத்திருப்பதால் தப்பிக்கவும் முடியாது.

இன்று புதிய புத்தகம் வந்தது. எழுதியவர் டாக்டர் மெஹருன்னிசா. முப்பது வருடம் நுண்ணோக்கியில் மூளைக்கட்டிகளைப் பார்த்து, இது இன்ன கட்டி என்று பெயர் சொல்வதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டி எந்தச் செல்லில் பிறக்கிறது என்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார். தட்டச்சும் அவரேதான். முதல் பக்கத்திலேயே 'மூலைக்கட்டி' என்று இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு மூலை. மூலையில் வந்த கட்டிக்கு டாக்டர் எதற்கு, கொத்தனார் போதும் என்று அமலதாஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருபது வருடமாகவே என் நகைச்சுவைக்கு அவர் சிரிப்பதில்லை.

ஜனவரி 9, திங்கள்

இரண்டாம் அத்தியாயம் படித்ததிலிருந்து கால் தரையில் படவில்லை.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன்னிடம் உள்ள முந்நூறு கோடி எழுத்துகளையும் பிரதி எடுக்குமாம். எடுக்கும்போதே ஒருவர் கூடவே வந்து சரிபார்ப்பாராம். தவறான எழுத்து விழுந்தால் ஒரு அடி பின்னால் போய், அதை நீக்கி, சரியானதைப் போட்டுவிட்டுத்தான் மேலே நகர்வாராம். டாக்டரம்மா அந்தப் புரதத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'மெய்ப்புத் திருத்துநர்'. நான் சேர்த்ததில்லை, அவரே எழுதியது. அவரையும் மீறி எப்போதாவது ஒரு பிழை தப்பி, அதன் மேல் இன்னொன்று சேர்ந்து, நிறுத்து என்கிற வார்த்தையே அழிந்துபோன செல்தான் கட்டி ஆகிறது.

இந்திராணியிடம் போய்ச் சொன்னேன். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நம்ம ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்."

"அங்கயும் ஒரு வார்த்தை பாராட்ட ஆள் இல்லையா?" என்றாள்.

இன்னொரு தகவலும் உண்டு. கட்டி பெரும்பாலும் சிந்திக்கும் செல்களில் பிறப்பதில்லை. வளர்ந்த மனிதனிடம் அவை இரண்டாகப் பிரிவதே அபூர்வம். சிந்திக்கும் செல்களுக்குச் சோறு போட்டு, உறை மாட்டி, குப்பை அள்ளும் துணைச் செல்களும், அவற்றைப் பெற்றெடுக்கும் இளம் செல்களும்தான் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. சிந்திப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, எடுபிடிகள்தான் மாட்டுகிறார்கள். பதிப்புத் துறையிலும் இதே கதைதான்.

சமையலறை நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் நான்காவது தடவை. வீடு கட்டிய மேஸ்திரியைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 12, வியாழன்

இடது செருப்பைக் காணோம் என்று காலையில் அரை மணி நேரம் தேடினேன். இந்திராணி கண்டுபிடித்தாள். என் இடது காலில் இருந்தது.

ஜனவரி 18, புதன்

பொங்கல் முடிந்து வேலை. ஐந்தாம் அத்தியாயம் கொஞ்சம் கஷ்டமானது. கட்டி கண்ணில் படுகிற இடம் வேறு, பிறந்த இடம் வேறாக இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. மூளைக்குள்ளே நீர் தேங்கும் அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் ஓரமாக, வயதான பிறகும், சில மூலச் செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. பிழை அங்கே ஒன்றில் விழுந்து, அதன் வாரிசுகள் தள்ளிப் போய் வேறோர் இடத்தில் குடியேறிக் கட்டியாகலாம். அல்லது எங்கும் பரவிக் கிடக்கும் துணைச் செல்லின் குஞ்சு ஒன்றில் விழலாம். எது என்று இன்னும் எல்லாக் கட்டிக்கும் முடிவாகவில்லையாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் ஆசிரியரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பிறந்த செல் எது என்பதைப் பொறுத்தே கட்டியின் குணம், அதன் வேகம் எல்லாம்.

'மூலச் செல்' என்ற சொல் மட்டும் உறுத்தியது. மூலம் என்றால் நம் வாசகருக்கு வேறு வைத்தியர் நினைவுக்கு வருவார். 'ஆதிச் செல்' என்று மாற்றலாமா என ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இந்திராணி டைரியை எட்டிப் பார்த்து, "ஏன் பாதிப் பக்கத்துல எழுதறீங்க? இந்தப் பக்கம் பூரா வெத்தா கிடக்கே" என்றாள். ஓரம் விட்டு எழுதுவது தொழில் பழக்கம் என்றேன். இவ்வளவு பெரிய ஓரத்தை யாரும் விடமாட்டார்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இந்தக் கன்னத்துல சவரமே பண்ணலையா?" என்று கேட்டாள். பிளேடு மழுங்கிவிட்டது.

ஜனவரி 27, வெள்ளி

லால்குடியில் இந்திராணியின் அக்கா மகன் கல்யாணம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் பேரில் தப்பில்லை.

பந்தியில் உட்கார்ந்தோம். என் இலையில் உருளைக்கிழங்கு இருந்தது, சோறு இருந்தது. உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, இனிப்பு இல்லை. பக்கத்து இலைகளில் எல்லாம் இருந்தது. பரிமாறியவரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, எல்லாருக்கும் வச்சாச்சுங்களே" என்றார்.

"எனக்கு வைக்கலையே. உப்பு எங்க? ஊறுகா எங்க?"

"இலையில இருக்குங்கய்யா."

"என் இலையில இல்லைங்கறேன். வயசானவன்னா ஏமாத்தலாம்னு பார்க்கறியா?"

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். நாலு பேர் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார். அப்போது இந்திராணி கையை நீட்டி என் இலையை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தாள். நுனி வலது கைப்பக்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் சாவுக் காரியத்துக்குத்தான் இலையை அப்படிப் போடுவார்கள். எதிர் வரிசையில் இருந்த அவள் சித்தி, "அடியே, கல்யாண வீட்ல என்னடி செய்யற!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

திருப்பிய இலையில் உப்பு, ஊறுகாய், ஜாங்கிரி எல்லாம் இருந்தன. நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆள் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கைதேர்ந்தவன்.

திரும்பும் வழியில் பேருந்தில் இந்திராணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பந்தியில் மானத்தை வாங்கியதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 30, திங்கள்

ஏழாம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை. எந்தக் கட்டி, எந்தச் செல்லில் பிறந்தது, பிறகு எவ்வளவு காலம் என்று நான்கு வரிசை. எந்தப் பெயருக்கு எவ்வளவு நாள் என்பதை டாக்டரம்மா அத்தியாயங்களில் எங்குமே சொல்லாமல் அட்டவணையில் மட்டும் வைத்திருக்கிறார். கடைசி நெடுவரிசை 'சராசரிக் காலம்'. மேலிருந்து கீழாக: சுமார் பதினைந்து மாதம். சில ஆண்டு. பத்து ஆண்டுக்கு மேல். பெரும்பாலும் முழு ஆயுள்.

எண் ஒன்றுக்கு மேல் போனால் 'கள்' சேர்ப்பது எங்கள் பதிப்பக வழக்கம். பதினைந்து மாதங்கள், சில ஆண்டுகள், பத்து ஆண்டுகளுக்கு மேல் என்று திருத்தினேன். மூன்று வரிசைக்கும் கள் ஊற்றியாகிவிட்டது, நான்காம் வரிசைக்காரருக்குத் தேவைப்படவில்லை என்று எழுதிச் சிரித்துக்கொண்டேன். ஆள் இல்லாத அறையில் தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பவனை என்ன சொல்வது?

பெரிய பிழை வேறு இருந்தது. கட்டியின் பெயரும் அது பிறந்த செல்லும் இருக்க வேண்டிய நெடுவரிசையே பக்கத்தில் இல்லை. பக்கம் கட்டும் டி.டி.பி.யில் விட்டிருக்கிறார்கள். நான் இல்லையென்றால் இந்தப் புத்தகம் எந்த லட்சணத்தில் வெளிவந்திருக்கும்! சிவப்பில் பெரிதாக எழுதினேன்: 'முதல் நெடுவரிசையைக் காணோம். ஆசிரியரிடம் கேட்கவும்.'

பிப்ரவரி 2, வியாழன்

தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 6, திங்கள்

அமலதாஸ் காலையிலேயே போன் செய்து, "டாக்டரம்மா வந்திருக்காங்க. உங்களைப் பார்க்கணுமாம். கொஞ்சம் கோவமா இருக்காங்க" என்றார். 'ஆதிச் செல்' பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, வாதாடத் தயாராகப் போனேன்.

டாக்டர் மெஹருன்னிசாவை முதல் தடவை பார்க்கிறேன். அறுபத்தைந்து வயதிருக்கும். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடியே நான் உள்ளே நுழைவதிலிருந்து என்னைக் கவனித்தார். நான் நாற்காலியின் கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சார், உங்களைத் திட்டலாம்னுதான் வந்தேன்" என்றார். "அட்டவணையில முதல் நெடுவரிசை காணோம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். பக்கம் கட்டறப்ப விட்டுப்போயிருக்கு."

தாளை என் முன்னால் வைத்தார். "நான் விரல் வச்சிருக்கற எடத்துல என்ன இருக்கு?"

"எந்த விரல்?" என்றேன்.

அவர் தாளை மெதுவாக என் வலது பக்கமாக நகர்த்தினார். விரல் வந்தது. விரலுக்குக் கீழே நெடுவரிசை வந்தது. கோடு, கட்டம், எழுத்து எல்லாம் ஒழுங்காக.

"இது இப்ப சேர்த்ததுங்களா?" என்று கேட்டேன். முப்பத்து நான்கு வருட அனுபவத்தைத் திரட்டி நான் கேட்ட கேள்வி இது.

அவர் பையிலிருந்து மற்ற பக்கங்களை எடுத்து மேசை முழுக்கப் பரப்பினார். நான் விட்ட பிழைகளைப் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார். தாளை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். "நேத்து ராத்திரி கோவத்தோட வட்டம் போட ஆரம்பிச்சேன். போடப் போட கோவம் போயிடுச்சு. பாருங்க. வலது பக்கத்துல ஒரு புள்ளிகூட உங்ககிட்ட தப்பல. இடது ஓரத்துல மூணு விரல் அகலத்துக்கு ஒரு பிழைகூட திருத்தல. கவனக்குறைவுன்னா அங்கங்க விட்டிருப்பீங்க. இது கோடு கிழிச்ச மாதிரி விட்டிருக்கு."

வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். புள்ளி கோட்டின் வலது முனையை ஒட்டி விழுந்திருந்ததாம். அமலதாஸ் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா ஒரு வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். "நடக்கலாம், பேசலாம், வேலைக்கும் திரும்பலாம்" என்று படித்தேன். வரியின் தொடக்கத்தில் 'பாதிப்பேர் மட்டும்' என்று இருந்ததாம்.

"எப்பத்துலேந்து இப்படி இருக்கு?"

நான் நிலைப்படியை நினைத்தேன், செருப்பை நினைத்தேன், கன்னத்தை நினைத்தேன். கடைசியாக லால்குடியில் பரிமாறிய அந்த மனிதரை நினைத்தேன். பாவம், அவர் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தார்.

"உங்க கண்ணுல கோளாறு இல்ல சார். வலது மூளைதான் இடது பக்கத்தைக் கவனிக்கும். அது கவனிக்காம விட்டா, விட்டதுகூட நமக்குத் தெரியாது. நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும். நான் எழுதித் தர்றேன்" என்றார்.

'மூலைக்கட்டி' என்று அவர் நாற்பத்தொரு இடத்தில் அடித்ததற்கு நான் சிரித்தேன். இப்போது அவர் என் பிழைகளில் என் மூளையைப் படித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, புதன்

ஸ்கேன் வந்தது. வலது பக்கம், பின்னால். எலுமிச்சம்பழம் அளவு என்றார் அறுவை மருத்துவர். டாக்டர்கள் கட்டியை எப்போதும் காய்கறிக் கடையில் வைத்தே அளக்கிறார்கள். நெல்லி, எலுமிச்சை, சாத்துக்குடி. பூசணி வரை போகாததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

படத்தை வைத்து என்ன கட்டி என்று சொல்ல முடியாதாம். எடுத்து, செல்லைப் பார்த்தால்தான் பெயர். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன்.

பிப்ரவரி 10, வெள்ளி

இந்திராணியிடம் கேட்டேன். "லால்குடியில இலையைத் திருப்பினியே, தெரிஞ்சுதான் திருப்பினியா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "பொங்கல்லேந்து வீட்ல தட்டைத் திருப்பிக்கிட்டுத்தானே இருக்கேன். பாதி சாப்பிட்டுட்டு எழுந்திருக்கப் பார்ப்பீங்க. திருப்பி வச்சா மீதியையும் சாப்பிடுவீங்க. உங்களுக்குத் தெரியல."

"ஏன் சொல்லல?"

"கண்ணு மங்கிடுச்சுன்னு நெனச்சேன். கண்ணைப் பத்தி உங்ககிட்ட சொல்ல முடியுமா? ஒருதடவ பூக்கட மகமாயி கோயில் பலகையில எழுத்துப்பிழைன்னு நீங்க சொன்னதை நான் இல்லன்னுட்டேன். நாலு நாள் பேசல நீங்க." பிறகு கீரையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு இலையத் திருப்பினேன். அந்தச் சித்தி சொன்னது காதுலயே நிக்குது."

கோயில் பலகையில் பிழை இல்லை, அன்றைக்கும் நான்தான் தப்பு என்று சொன்னேன். அது உண்மைதான். பதினோரு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. தலையை மழித்துவிட்டார்கள். நான் விட்டுவைத்த கன்னத்தையும் சேர்த்து.

அமலதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வேறு ஆளை வைத்துப் புத்தகத்தை முடித்துவிடுங்கள் என்றேன். மிச்சப் பிழைகளை டாக்டரம்மாவே பார்த்துத் திருத்திவிட்டாராம். "இருந்தாலும் உங்க கையெழுத்து இல்லாம எந்தப் புத்தகம் இங்கேந்து அச்சுக்குப் போயிருக்கு? காத்திருக்கட்டும்" என்றார். இருபது வருடம் சிரிக்காத மனிதர் இப்படிப் பேசினால் என்ன செய்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் போன பிறகு இந்திராணி கேட்டாள். "அந்த அட்டவணையில அப்படி என்னதான் போட்டிருக்கு?"

"சும்மா பேருங்க" என்றேன்.

கடைசி நெடுவரிசை எனக்கு மனப்பாடம். பதினைந்து மாதங்கள், சில ஆண்டுகள், பத்து ஆண்டுகளுக்கு மேல், முழு ஆயுள். நானே கள் சேர்த்தவை. எந்தப் பெயருக்கு எது என்பதுதான் தெரியாது. அது இருக்கிற பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா அன்று தாளை நகர்த்திக் காட்டியபோதும் எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தேன், என்ன எழுத்து என்று படிக்கவில்லை. முடிவு வந்ததும் என்னிடம் வாயால் சொல்ல வேண்டாம், அட்டவணையில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். வீம்பு என்று நினைத்திருப்பார். வீம்பு இல்லை, பயம். ஒருவர் வாயிலிருந்து 'பதினைந்து மாதங்கள்' என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அச்சில் வந்தால் எதையும் படித்துவிடுவேன், அந்தப் பழக்கம் உண்டு.

இந்திராணிக்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரியாது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது எப்படி என்று பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, புதன்

காலை ஏழு மணி. இடது காலில் செருப்பு இல்லை. சரிபார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

வீட்டில்.

எழுத்து கோணல். கை அல்ல, தலை. பதினாறு தையல் என்று இந்திராணி எண்ணினாள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். படிக்கும் தாளின் இடது விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போடுகிறாள். ஒவ்வொரு வரியிலும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டே போக வேண்டும். சிவப்பைப் பார்க்காமல் வரியைப் படிக்கத் தொடங்கக் கூடாது.

இத்தனை காலம் நான் மற்றவர் பக்கத்தில் சிவப்பு போட்டேன். இப்போது என் சிவப்புப் பேனாவை எடுத்து, அடிக்கோலை வைத்து, இந்திராணி தினமும் காலையில் டைரியில் எனக்குக் கோடு போட்டுத் தருகிறாள். அவள் போடும் கோடு நேராக இருப்பதில்லை. சொன்னால் திட்டுவாள். சொன்னேன். திட்டினாள்.

மார்ச் 4, சனி

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. இன்று இருபது வரியில் சிவப்பைத் தேடினேன். பதினெட்டு வரியில் கிடைத்தது.

மார்ச் 9, வியாழன்

டாக்டர் மெஹருன்னிசா வந்தார். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, என் கட்டியைச் சீவி வைத்த கண்ணாடிச் சில்லை அவரே நுண்ணோக்கியில் பார்த்தாராம். காபி குடிக்கும்வரை என் செல்களைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "வட்டமா, நடுவுல ஒரு உருண்டை, சுத்தி வெள்ளையா. ஆஃப்பாயில் மாதிரி வரிசையா இருந்துச்சு."

"இவருக்கு ஆஃப்பாயில்னா உசிரு" என்றாள் இந்திராணி. அது நல்லதா கெட்டதா என்று அவள் டாக்டரம்மாவின் முகத்தில் தேடினாள். நான் கேட்டுக்கொண்டபடி அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை.

பிறகு மேசை மேல் இரண்டு தாள் வைத்தார். ஒன்று, அவர் கையால் தமிழில் எழுதிய ஒரே ஒரு சொல். இன்னொன்று, ஏழாம் அத்தியாயத்தின் அட்டவணை. இந்திராணி அடிக்கோலை எடுத்து வந்து இரண்டிலும் சிவப்புக் கோடு போட்டாள். இரண்டும் வழக்கத்தைவிடக் கோணல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லைப் பார்த்தேன். 'கிளையோமா' என்று இருந்தது. அட்டவணையைப் பார்த்தேன். பிளாஸ்டோமா, சைட்டோமா, கிளையோமா, இன்னொரு ஓமா. எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. வித்தியாசமெல்லாம் இடது பக்கம்தான் இருக்கிறது.

முதலில் சொல். சிவப்பைத் தேடிப் போனேன். கிளையோமாவுக்கு முன்னால் 'டென்ட்ரோ' வந்தது. அதற்கும் முன்னால் போனேன். கழுத்து வலித்தது. சிவப்பு வந்தது. அதை ஒட்டி 'ஒலிகோ'. ஒலிகோடென்ட்ரோகிளையோமா.

இனி அட்டவணை. வலது ஓரத்திலிருந்து கிளம்பினேன், அதுதான் எனக்குத் தெரிந்த பக்கம். பதினைந்து மாதங்கள். அந்த வரிசையைப் பிடித்து இடது பக்கம் போனேன். ஒவ்வொரு கட்டமாகத் தலையைத் திருப்பினேன். சிவப்பு வந்தது. கிளையோபிளாஸ்டோமா. என்னுடையது இல்லை. திரும்பி வந்து, சில ஆண்டுகள். மறுபடி இடது பக்கம். ஆஸ்ட்ரோசைட்டோமா. இல்லை. மூன்றாவது, பத்து ஆண்டுகளுக்கு மேல். போனேன். துணைச் செல்லின் இளம் பருவம் என்று செல்லின் பெயர் வந்தது. அதற்கு இடப்பக்கம் கட்டியின் பெயர். கிளையோமா. டென்ட்ரோ. சிவப்பு.

ஒளிகோ.

மறுபடி பார்த்தேன். ஒளிகோடென்ட்ரோகிளையோமா. என் சீட்டில் இருப்பது ஒலி. இங்கே இருப்பது ஒளி. அப்படியானால் இது வேறு, அது வேறா? பத்து ஆண்டுகள் யாரோ ஒளிகோக்காரருக்கா? நான்காம் வரிசைக்கும் போய் வந்தேன். மெனிஞ்சியோமா. அதுவும் இல்லை. என் பெயர் அட்டவணையிலேயே இல்லை.

"மேடம்," என்றேன், "இது லகர ஒலிகோ, அது ளகர ஒளிகோ. ரெண்டும் வேற வேற கட்டியா?"

அவர் தாளை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"யா அல்லா!" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். லதான். நான் தப்பா அடிச்சிருக்கேன். மூணு தடவ படிச்சேன். அமலதாஸ் சார் படிச்சாரு. யார் கண்லயும் படல."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். இடது ஓரத்தில் இருந்த பிழை. நான் கண்டுபிடித்தது.

அதற்கப்புறம் அவர் சொன்னதையெல்லாம் இந்திராணி குறித்துக்கொண்டாள். பத்து என்பது சராசரிதான், கூடலாம் குறையலாம். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, முழுக்க எடுக்க முடியவில்லை. கதிர்வீச்சு வேண்டும், மாத்திரை வேண்டும். ஒருநாள் அது திரும்பி வரலாம். எந்தச் செல்லில் முதல் பிழை விழுந்தது, எப்போது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குள்ளே உட்கார்ந்திருந்த அந்த மெய்ப்புத் திருத்துநர் ஏதோ ஒரு நாள் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். முந்நூறு கோடியில் ஒன்று. அவரை என்னால் திட்ட முடியவில்லை. நானும் விட்டவன்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்து, 'ள'வை அடித்து, 'ல' போட்டேன். அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தின் முதல் பாதி தாளில் இல்லை, மேசை விரிப்பில் இருக்கிறது என்று இந்திராணி சொன்னாள். அந்தத் தப்பு மட்டும் இருக்கட்டும் என்று டாக்டரம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் இந்திராணி கேட்டாள். "சும்மா பேருங்கன்னு சொன்னீங்களே. வலது பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு?"

"பத்து ஆண்டுகளுக்கு மேல்" என்றேன். "அந்த 'கள்' நான் சேர்த்தது."

"இன்னும் ரெண்டு கள் சேர்த்திருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு, ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். பாதி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அவள் தட்டைத் திருப்பக் காத்திருந்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே தேடுங்க" என்றாள்.

தலையைத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். ஊறுகாய் இருந்தது.